கேன் இசைக்குழுவை எந்த ஆல்பத்தில் தொடங்கி எப்படிக் கேட்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மன் புரொக்ரெசிவ் ராக் பற்றி எங்கே தேடினாலும் கேன் என்ற பெயர் முதல் நான்கைந்து பெயர்களுக்குள் வந்துவிடும். கூடவே 'டாகோ மாகோ' என்ற ஆல்பத்தின் பெயரும் வரும். அதை நம்பி நேராக அந்த ஆல்பத்தைப் போட்டு, பாதியில் வரும் பதினேழு நிமிட முனகலிலும் எதிரொலியிலும் திணறிப்போய், இது நமக்கானது இல்லை என்று மூடிவைத்தவர்கள் நிறையப் பேர். குறை அந்த ஆல்பத்தில் இல்லை, நுழைந்த வழியில்தான். வாசல் சரியாக அமைந்தால் அதே பதினேழு நிமிடத்தைத் தேடிப்போய்க் கேட்பீர்கள்.

ஆல்பம் வெளிவந்த வரிசையில் கேட்பதும் இந்தக் குழுவுக்கு ஒத்துவராது. பாடகர்கள் மாறினார்கள், ஒலிப்பதிவுக் கருவிகள் மாறின, சில பதிவுகள் வெளிவரவே பல வருடங்கள் பிடித்தன. 1968இல் பதிவானது 1981இல் வந்தது, எழுபதுகளில் பதிவானது 2012இல் வந்தது. அதனால் இந்த வழிகாட்டி ஒரு கேட்கும் வரிசையைத் தருகிறது. சின்னப் பாட்டுகளில் தொடங்கி, மெல்ல நீளமானவற்றுக்குப் போய், கடைசியில் மேடைப் பதிவுகளில் முடியும்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது

கேன் 1968இல் கொலோன் நகரில் உருவானது. அடித்தளம் நான்கு பேர். கீபோர்டு வாசித்த இர்மின் ஷ்மிட் முறையாகப் பியானோவும் இசை நடத்துநர் பயிற்சியும் பெற்றவர். பேஸ் கிட்டார் வாசித்த ஹோல்கர் சூகாய், மின்னணு இசையின் முன்னோடியான இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனிடம் படித்தவர். டிரம்ஸ் வாசித்த யாக்கி லீபெட்சைட் ஜாஸ் உலகிலிருந்து வந்தவர், அதிலும் கட்டுப்பாடே இல்லாத ஃப்ரீ ஜாஸ். கிட்டார் வாசித்த மிக்கேல் கரோலி சூகாயின் மாணவர், மற்ற மூவரையும்விடப் பத்து வயது இளையவர். ஆக, குழுவைத் தொடங்கியபோது மூன்று பேர் முப்பதைத் தொட்டவர்கள். ராக் இசைக்கு அது தாமதமான வயது. ஏற்கெனவே ஒரு வாழ்க்கையை முடித்துவிட்டு, கற்றதையெல்லாம் தள்ளிவைத்துப் புதிதாகத் தொடங்க வந்தவர்கள் அவர்கள். இது அவர்கள் இசையில் தெளிவாகக் கேட்கும். யாரும் தன் திறமையைக் காட்டுவதற்காக வாசிப்பதில்லை.

யெஸ், ஜெனசிஸ் போன்ற ஆங்கிலக் குழுக்களைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேனில் சிக்கலான பகுதி மாற்றங்களோ, வேகம் காட்டும் கீபோர்டு தனி ஆவர்த்தனங்களோ அதிகம் கிடையாது. ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டு அதையே சுழற்றுவார்கள். சுழலச் சுழல ஒவ்வொருவரும் மிகச் சிறிய மாற்றங்களைச் செய்வார்கள். லீபெட்சைட் ஃப்ரீ ஜாஸை விட்டு இப்படி ஒரே சுழற்சிக்கு வந்ததுதான் இந்தக் குழுவின் முதுகெலும்பு.

இன்னொரு விஷயம் கத்தரிக்கோல். இவர்கள் பாட்டை எழுதிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. ஸ்டூடியோ அவர்களுடையதே. முதலில் கொலோனுக்கு அருகே நோர்வெனிஷ் என்ற ஊரின் பழைய மாளிகை ஒன்றில் இருந்தது. 1971 கடைசியில் வைலர்ஸ்விஸ்ட் என்ற ஊரில் ஒரு பழைய சினிமா கொட்டகைக்கு மாறியது. எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க ராணுவ மெத்தைகளை அடித்துவைத்தார்கள். அங்கே மணிக்கணக்கில் வாசிப்பார்கள், டேப் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு சூகாய் அந்த டேப்பை வெட்டி ஒட்டிப் பாட்டாக்குவார். 1974 வரை அவர்களிடம் இருந்தது இரண்டு ட்ராக் பதிவு, அதாவது டேப்பில் இரண்டே தடங்கள் மட்டுமே. ஒருவர் தவறாக வாசித்தால் அவர் பகுதியை மட்டும் பின்னால் திருத்த வழியில்லை. எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டு, யார் சத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை வாசிக்கும்போதே முடிவுசெய்தாக வேண்டும். கேனின் நல்ல ஆல்பங்கள் எல்லாவற்றிலும் இந்தக் கவனம் இருக்கிறது. பின்னால் வந்த சில ஆல்பங்களில் இது குறைவதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது, அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

கேட்பதற்கு ஹெட்ஃபோன் வேண்டும், அல்லது பேஸ் ஒழுங்காகக் கேட்கும் ஸ்பீக்கர். போன் ஸ்பீக்கரில் சூகாயின் பேஸ் கேட்காது. அது கேட்காவிட்டால் பாதிப் பாட்டு இல்லை. அப்புறம், 'ஷஃபிள்' வேண்டவே வேண்டாம். இவை இசைத்தட்டின் இரண்டு பக்கங்களை மனதில் வைத்து அடுக்கப்பட்டவை. ஒரு உட்காரலுக்கு ஒரு பக்கம், அதாவது சுமார் இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேனுக்கு அது மிகச் சரியான அளவு.

முதல் படி: 'எகே பாம்யாசி' (1972)

இங்கேதான் தொடங்க வேண்டும். நாற்பது நிமிட ஆல்பம், ஏழு பாட்டு, அதில் நான்கு பாட்டுகள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அட்டையில் ஒரு வெண்டைக்காய் டின் இருக்கும். அந்த டின்னின் மேல் இருந்த துருக்கிப் பெயர்தான் ஆல்பத்தின் பெயர்.

ஆனால் முதல் பாட்டிலிருந்து வேண்டாம். இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு 'வைட்டமின் சி'யைப் போடுங்கள். மூன்றரை நிமிடம். முதல் தடவை லீபெட்சைட்டை மட்டும் கேளுங்கள். வேறு எதிலும் காதை விடாதீர்கள். அவர் அடிப்பது திரும்பத் திரும்ப ஒரே கோலம் போலத் தோன்றும், ஆனால் எந்த அடி எங்கே விழாமல் விடப்படுகிறது என்பதில்தான் அதன் துள்ளல் இருக்கிறது. இரண்டாம் தடவை பேஸை மட்டும் கேளுங்கள். சூகாய் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்று பாருங்கள். மூன்றாம் தடவை முழுப் பாட்டையும் கேளுங்கள். பாடுகிறவர் டாமோ சுசுகி. ஜப்பானின் கோபே நகரில் பிறந்தவர். 1970இல் மியூனிக்கில் தெருவில் பாடிக்கொண்டிருந்தவரை சூகாயும் லீபெட்சைட்டும் பார்த்து, அன்று மாலையே மேடையில் பாட அழைத்தார்கள். ஒத்திகை எதுவும் இல்லை. ஆங்கிலம், ஜப்பானியம், எந்த மொழியிலும் சேராத ஒலிகள் என்று எல்லாம் அவர் குரலில் கலந்து வரும். பாட்டின் பொருளைத் தேடிச் சிரமப்பட வேண்டாம். குரலை இன்னொரு வாத்தியமாகக் கேளுங்கள்.

அடுத்து கடைசிப் பாட்டு 'ஸ்பூன்'. ஒரு தொலைக்காட்சித் தொடருக்காகச் செய்த பாட்டு இது. சிங்கிளாக வெளிவந்து 1972இல் ஜெர்மன் தரவரிசையில் 6ஆம் இடம் வரை போனது. இதில் ஒரு மெஷின் தாளமும் லீபெட்சைட்டின் கையும் சேர்ந்து ஓடுகின்றன. மெஷின் மாறாமல் நிற்கிறது, மனிதர் அதைச் சுற்றி நடக்கிறார். அந்தக் காலத்தில் ராக் இசையில் தாள மெஷினைப் பயன்படுத்தியவர்களே மிகக் குறைவு.

'ஒன் மோர் நைட்' ஏழு எண்ணிக்கையில் சுழலும் பாட்டு. மிஸ்ர சாபு தெரிந்தவர்களுக்குக் கை தானாக ஏழுக்குப் போய்விடும். தெரியாதவர்கள் ஒன்றிலிருந்து ஏழு வரை எண்ணிக்கொண்டே கேளுங்கள். சிறிது நேரத்தில் எண்ணுவதை மறந்துவிடுவீர்கள், ஏனென்றால் அது நொண்டவே நொண்டாது. சுசுகி கிட்டத்தட்டக் காதில் முணுமுணுக்கிறார். என்னைப் பொறுத்தவரை கேனின் மிக அழகான ஐந்தரை நிமிடம் இதுதான்.

இந்த மூன்றும் பிடித்த பிறகு ஆல்பத்தை முதலிலிருந்து போடுங்கள். 'பின்ச்' கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். 'சூப்' பாதியில் உடைந்து வெறும் சத்தமாகிவிடும். அதைத் தாண்டிவிடாதீர்கள். அடுத்த சில படிகளுக்கு அது ஒரு பயிற்சி.

இரண்டாம் படி: 'ஃப்யூச்சர் டேஸ்' (1973)

பெரும்பாலான பட்டியல்கள் அடுத்து 'டாகோ மாகோ'வுக்கு அனுப்பும். நான் அனுப்ப மாட்டேன். நீளமான பாட்டைக் கேட்கக் காதைப் பழக்க வேண்டும், அதற்கு இதைவிட இதமான ஆல்பம் இல்லை.

நான்கே பாட்டுகள். முதல் பாட்டில் ஒரு நிமிடத்துக்கு மேல் தண்ணீர் போன்ற ஒலியும் சிறு தட்டல்களும் மட்டுமே. பிறகு தாளம் தூரத்திலிருந்து நெருங்கி வரும். சுசுகியின் குரலை வேண்டுமென்றே பின்னால் வைத்திருக்கிறார்கள். பாடகர் முன்னால் நிற்க வேண்டும் என்ற வழக்கம் இங்கே இல்லை. 'ஸ்ப்ரே' பாட்டில் குரல் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. 'மூன்ஷேக்' மூன்று நிமிடச் சின்னப் பாட்டு, துள்ளலானது.

இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, 'பெல் ஏர்'. இருபது நிமிடத்துக்குச் சில நொடிகள் குறைவு. இதைக் கேட்கும் முறை ஒன்று சொல்கிறேன். முதல் தடவை கடிகாரத்தைப் பார்க்காமல் வேறு ஏதாவது அமைதியான வேலை செய்துகொண்டே கேளுங்கள். அடுத்த தடவை எங்கெங்கே பாட்டு திசை திரும்புகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் வாத்தியங்கள் அடங்கி, பறவை, பூச்சி ஒலிகள் கேட்கும் இடம் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு பழைய தாளம் மீண்டும் எழுந்து வரும். இந்தத் திருப்பங்களில் எவை வாசிக்கும்போதே நடந்தவை, எவை சூகாய் டேப்பை வெட்டி ஒட்டியவை என்று ஊகித்துப் பாருங்கள். இந்த விளையாட்டு கேனின் எல்லா நீண்ட பாட்டுகளுக்கும் பொருந்தும், அலுக்கவே அலுக்காது.

இந்த ஆல்பத்துக்குப் பிறகு சுசுகி குழுவை விட்டுப் போனார்.

மூன்றாம் படி: 'டாகோ மாகோ' (1971), இரண்டு பாகமாக

இப்போது தயார். இது இரட்டைத் தட்டு, எழுபத்து மூன்று நிமிடம். பெயர் ஸ்பெயினின் இபிசா தீவுக்கு அருகே உள்ள ஒரு சிறு தீவின் பெயர். நோர்வெனிஷ் மாளிகையில் பதிவானது. சூகாய் அங்கே ஒரு தந்திரம் செய்தார். இசைக்கலைஞர்கள் ஓய்வாகச் சும்மா வாசித்துக்கொண்டிருக்கும்போதும், கருவிகளைச் சரிபார்க்கும்போதும், அவர்களுக்குத் தெரியாமல் டேப்பை ஓடவிட்டார். அப்படிக் கிடைத்த துண்டுகளும் ஆல்பத்தில் இருக்கின்றன.

முதல் நாள் முதல் இரண்டு பக்கங்கள் மட்டும். 'பேப்பர்ஹவுஸ்', 'மஷ்ரூம்', 'ஓ யா' மூன்றையும் இடைவெளி இல்லாமல் கேளுங்கள். 'மஷ்ரூம்' முடியும் இடத்தில் ஒரு வெடிச்சத்தம், அதிலிருந்து 'ஓ யா' பிறக்கும். 'ஓ யா'வில் சுசுகியின் குரலை டேப்பில் தலைகீழாக ஓட்டியிருக்கிறார்கள். சிறிது நேரம் கழித்து அவர் நேராக ஜப்பானிய மொழியில் பாடுவார். அந்த மாற்றத்தைத் தவறவிடாதீர்கள்.

பிறகு 'ஹாலேலுவா'. பதினெட்டரை நிமிடம். கேனில் ஒரே ஒரு பாட்டைக் கேட்கத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். லீபெட்சைட் ஒரு சுழற்சியைத் தொடங்கிவிட்டு, கிட்டத்தட்டக் கடைசி வரை அதை விடுவதில்லை. அதன் மேல் கரோலியின் கிட்டார் வந்து கடித்துவிட்டுப் போகிறது, ஷ்மிட்டின் ஆர்கன் புகைகிறது, வயலின் கீறுகிறது. முன்னால் 'வைட்டமின் சி'யில் செய்ததையே இங்கே நீட்டிச் செய்யுங்கள். இரண்டு நிமிடம் டிரம்ஸ், இரண்டு நிமிடம் பேஸ், இரண்டு நிமிடம் கிட்டார் என்று காதை மாற்றி மாற்றி வையுங்கள். பதினெட்டு நிமிடம் போதாமல் போகும்.

இன்னொரு நாள் மூன்றாம் பக்கம். அது முழுவதும் 'ஔம்ன்', முன்னால் சொன்ன அந்தப் பதினேழு நிமிடம். இதில் இழுத்து இழுத்து ஒலிக்கும் குரல் ஷ்மிட்டுடையது. இதைப் பாட்டாகக் கேட்டால் எரிச்சல்தான் வரும். ஸ்டாக்ஹவுசனிடம் படித்தவர்கள் டேப்பையும் எதிரொலியையும் வைத்துக் கட்டிய ஓர் இடமாகக் கேளுங்கள், ஒரு பெரிய இருட்டறைக்குள் நடப்பது மாதிரி. இரவில், தனியாக, ஹெட்ஃபோனில். கடைசியில் டிரம்ஸ் வந்து சேரும்போது உடம்பு சிலிர்க்கும். நான்காம் பக்கத்தில் 'பீகிங் ஓ' இதைவிடவும் தாறுமாறாக ஓடும். அதன் பிறகு 'பிரிங் மீ காஃபி ஆர் டீ' மென்மையாக வந்து முடித்துவைக்கும். இந்தக் கடைசிப் பாட்டின் இதம் முழுதாகத் தெரிய வேண்டுமானால் முன்னால் உள்ள இரண்டையும் கடந்துதான் வர வேண்டும். அதனால்தான் தனித்தனியாகப் பொறுக்கிக் கேட்க வேண்டாம் என்கிறேன்.

நான்காம் படி: மால்கம் மூனி காலம்

சுசுகிக்கு முன்னால் இருந்த பாடகர் மால்கம் மூனி, அமெரிக்கக் கறுப்பினச் சிற்பி. அவருக்கும் முன்பு பாடிய அனுபவம் பெரிதாக இல்லை. சுசுகி மிதப்பவர் என்றால் மூனி இடிப்பவர். ஒரு சொற்றொடரைப் பிடித்தால் அது உடையும் வரை திரும்பத் திரும்பச் சொல்வார். அதுவே தாளமாகிவிடும். லீபெட்சைட்டுடன் குரலாலேயே மோதுகிறார் என்று சொல்லலாம்.

'மான்ஸ்டர் மூவி' (1969) குழுவின் முதல் ஆல்பம். முதலில் 500 பிரதிகள் மட்டும் அச்சானது. 'ஃபாதர் கேனாட் யெல்' எடுத்த எடுப்பிலேயே பாய்கிறது. இரண்டாம் பக்கம் முழுவதும் 'யூ டூ ரைட்', இருபது நிமிடம். மணிக்கணக்காக ஓடிய ஒரு வாசிப்பிலிருந்து வெட்டி எடுத்தது. மூனி தனக்கு வந்த ஒரு காதல் கடிதத்தின் வரிகளை வைத்துப் பாடுகிறார். ஓரிடத்தில் எல்லாம் அடங்கி டிரம்ஸும் குரலும் மட்டும் மிஞ்சும். அங்கே மூனி கிசுகிசுப்பதிலிருந்து எப்படி ஏறுகிறார் என்று கவனியுங்கள். 'ஹாலேலுவா'வுக்கு இது அண்ணன். இரண்டையும் ஒரே வாரத்தில் கேட்டால் இரண்டு வருடத்தில் லீபெட்சைட்டின் வாசிப்பு எவ்வளவு இறுகி, எவ்வளவு லேசாகியிருக்கிறது என்று தெரியும்.

'டிலே 1968' அதற்கும் முந்தைய பதிவு. அந்தக் காலத்தில் வெளியிட நிறுவனம் கிடைக்காமல் 1981இல்தான் வந்தது. இதில் 'தி தீஃப்' என்ற பாட்டைக் கட்டாயம் கேளுங்கள். பிற்காலத்தில் ரேடியோஹெட் குழு மேடையில் இதைப் பாடியது. மூனி மனநலம் குன்றி அமெரிக்கா திரும்பிவிட்டார் என்பதை அறிந்துவிட்டுக் கேட்கும்போது அந்தக் குரலின் தவிப்பு இன்னும் அழுத்தமாக இறங்கும்.

இரண்டு பாடகர்களுக்கும் நடுவே நிற்பது 'சவுண்ட்டிராக்ஸ்' (1970). படங்களுக்குச் செய்த இசையின் தொகுப்பு. ஐந்து படங்களிலிருந்து எடுத்தது என்பதால் சீராக இருக்காது. ஆனால் 'மதர் ஸ்கை' இருக்கிறதே, பதினான்கரை நிமிடம், அதற்காகவே வாங்கலாம். கரோலியின் கிட்டார் முதல் நொடியிலேயே உச்சத்தில் தொடங்குகிறது. பொதுவாக எல்லோரும் கடைசியில் போய்ச் சேரும் இடத்திலிருந்து இவர் ஆரம்பிக்கிறார். எதிர்முனையில் மூனி பாடிய 'ஷி பிரிங்ஸ் தி ரெயின்', நிதானமான ஜாஸ் நடை. கேன் என்றால் முரட்டுத்தனம் என்று நினைக்கும் நண்பர்களுக்கு இதைப் போட்டுக் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: பாடகர் போன பிறகு

சுசுகி போனபின் புதிய பாடகரைத் தேடாமல் கரோலியும் ஷ்மிட்டும் பாடத் தொடங்கினார்கள். 'சூன் ஓவர் பாபலூமா' (1974) அப்படி வந்தது. அதிகம் பேசப்படாத ஆல்பம், எனக்கு மிகவும் நெருக்கமானது. 'டிசி டிசி'யில் கரோலி வயலினும் வாசிக்கிறார். இரண்டாம் பக்கத்தில் 'செயின் ரியாக்‌ஷன்' வேகமாக ஓடி, அப்படியே 'குவாண்டம் ஃபிசிக்ஸ்' பாட்டுக்குள் கரைகிறது. தாளம் உடைந்து துளித் துளியாகி, கீபோர்டு மட்டும் மிதக்கிறது. இரண்டு ட்ராக்கில் பதிவான கடைசி ஆல்பம் இது.

'லாண்டட்' (1975) ஆல்பத்திலிருந்து பதினாறு ட்ராக் கருவி வந்தது. இப்போது ஒவ்வொருவரும் தன் பகுதியைத் தனியாக வாசிக்கலாம், பிடிக்காவிட்டால் திருத்தலாம். வசதிதான். ஆனால் எல்லோரும் ஒரே அறையில் ஒருவரையொருவர் கேட்டு வாசிக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. அதன் விளைவு காதுக்கே தெரியும். பாட்டுகள் பளபளப்பாகின்றன, உள்ளே இருந்த இறுக்கம் தளர்கிறது. 'பெல் ஏர்' கேட்ட உடனே 'லாண்டட்' போட்டுப் பாருங்கள், வித்தியாசம் விளங்கும். அதற்காக ஒதுக்க வேண்டாம். 'வெர்னல் ஈக்வினாக்ஸ்' பாட்டின் கிட்டார் வெறியும், கடைசியில் வரும் பதின்மூன்று நிமிட 'அன்ஃபினிஷ்ட்' ஒலிக்கோவையும் தவறவிடக் கூடாதவை.

'ஃப்ளோ மோஷன்' (1976) ரெகே, டிஸ்கோ பக்கம் சாய்ந்தது. இதில் உள்ள 'ஐ வான்ட் மோர்' இங்கிலாந்தில் 26ஆம் இடம் வரை போனது. 'சா டிலைட்' (1977) ஆல்பத்தில் டிராஃபிக் என்ற ஆங்கில ராக் குழுவிலிருந்து பேஸ் வாசிக்க ராஸ்கோ ஜீயும், தாள வாத்தியங்களுக்கு ரீபாப் குவாக்கு பாவும் வந்தார்கள். சூகாய் பேஸைக் கொடுத்துவிட்டு, சிற்றலை ரேடியோ, டேப் என்று வேறு ஒலிகளுக்குப் போனார். 'அனிமல் வேவ்ஸ்' மட்டும் கேட்டால் போதும். 'அவுட் ஆஃப் ரீச்' (1978) சூகாய் இல்லாத ஆல்பம். குழுவே பல வருடம் அதை மறுபதிப்பு செய்யாமல் வைத்திருந்தது. எல்லாம் முடிந்த பிறகு, ஆர்வம் இருந்தால் கேளுங்கள். 1979இல் குழுவின் பெயரிலேயே வந்த ஆல்பத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஒஃபன்பாக்கின் புகழ்பெற்ற கேன்கேன் நடன இசையை எடுத்து விளையாடியிருக்கிறார்கள். ஒஃபன்பாக்கும் கொலோனில் பிறந்தவர்தான். அத்தோடு குழு கலைந்தது. மூனியை அழைத்துக்கொண்டு மீண்டும் சேர்ந்து செய்த 'ரைட் டைம்' 1989இல் வந்தது. முதல் காலத்தின் நெருப்பை அதில் தேட வேண்டாம், பழைய நண்பர்கள் நிதானமாகப் பேசிக்கொள்வது போன்ற ஆல்பம்.

ஆறாம் படி: பெட்டியில் கிடந்தவை

'அன்லிமிட்டெட் எடிஷன்' (1976) மீதித் துண்டுகளின் தொகுப்பு. இதில் இ.எஃப்.எஸ். ('எத்னாலஜிகல் ஃபோர்ஜரி சீரிஸ்', அதாவது போலி மரபிசை வரிசை) என்று எண் போட்ட பாட்டுகள் சில உண்டு. வெவ்வேறு நாட்டு மரபிசையைப் போலத் தோன்றும்படி இவர்களே உருவாக்கிய கற்பனை மரபிசை அது. போலி என்று வெளிப்படையாகவே பெயர் வைத்தார்கள். இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

'தி லாஸ்ட் டேப்ஸ்' (2012) இதைவிட முக்கியம். வைலர்ஸ்விஸ்ட் ஸ்டூடியோவின் உட்பகுதி முழுவதும் கிரோனாவ் நகரின் ராக் அருங்காட்சியகத்துக்குப் போனபோது, பெயர் சரியாக எழுதாத டேப்கள் குவியலாக வெளிவந்தன. அவற்றிலிருந்து பொறுக்கியெடுத்து மூன்று சிடியாக வெளியிட்டார்கள். மிச்சம் மீதி என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். 'மில்லியோனன்ஸ்பீல்', 'கிராவ்பிளாவ்' இரண்டும் எந்த ஆல்பத்திலும் முதலிடத்தில் இருந்திருக்க வேண்டியவை. 'டெட் பிஜன் சூட்' கேட்கும்போது நடுவே 'வைட்டமின் சி' தலைகாட்டும். அந்தப் பாட்டு ஒரு படத்துக்காகச் செய்த நீண்ட இசையின் ஒரு பகுதியாக இருந்தது என்பது அப்போது புரியும். முதல் படியில் கேட்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சூகாயின் கத்தரிக்கோல் எதை வைத்தது, எதை விட்டது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. அதேபோல 'எ ஸ்வான் இஸ் பார்ன்', 'சிங் ஸ்வான் சாங்' பாட்டின் தொடக்க நிலை.

ஏழாம் படி: மேடை

மேடையில் கேன் ஆல்பத்துப் பாட்டை அப்படியே வாசிப்பதில்லை. தெரிந்த ஒரு மெட்டு எட்டிப்பார்க்கும், உடனே கரைந்து வேறெங்கோ போகும். நல்ல தரத்தில் மேடைப் பதிவு அந்தக் காலத்தில் வெளிவரவில்லை. ரசிகர் ஒருவர் ஒளித்துவைத்துப் பதிவுசெய்த டேப்களைச் சீர்செய்து 2021 முதல் ஒவ்வொன்றாக வெளியிடத் தொடங்கினார்கள். பாட்டுகளுக்குப் பெயரே இல்லை, ஜெர்மன் மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும்.

முதலில் ஸ்டுட்கார்ட் 1975. பாடகர் இல்லாத நால்வர் கேன், முழு வீச்சில். பிறகு பாரிஸ் 1973, இந்த வரிசையில் சுசுகி பாடும் பதிவு. அவர் 2024 பிப்ரவரியில் இறந்தார், அதே மாதம் இந்த ஆல்பம் வந்தது. பிரைட்டன் 1975ஐ அடுத்து வைத்துக்கொள்ளலாம். குக்ஸ்ஹாஃபன் 1976 சின்னது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒலித்தரம் ஸ்டூடியோ அளவுக்கு இருக்காது, சில இடங்களில் மங்கலாகக் கேட்கும். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்துப் பத்து நிமிடம் பொறுத்தால் காது பழகிவிடும்.

கரோலி 2001இல் இறந்தார், லீபெட்சைட்டும் சூகாயும் 2017இல், ஒரே வருடத்தில். இந்த மேடைப் பதிவுகளை ஷ்மிட் மேற்பார்வையிட்டு வெளிக்கொண்டு வந்தார். நால்வரும் ஒரே அறையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வாசிப்பது, திருத்தமும் வெட்டும் இல்லாமல், இவற்றில்தான் முழுதாக இருக்கிறது.

இத்தனையும் கேட்ட பிறகும் வேண்டும் என்றால் சூகாயின் தனி ஆல்பம் 'மூவிஸ்' (1979) அடுத்தது. கேன் நண்பர்கள் எல்லோரும் அதில் வாசித்திருக்கிறார்கள். 'பெர்ஷியன் லவ்' பாட்டில் சிற்றலை ரேடியோவில் பிடித்த ஈரானியப் பாட்டைத் தன் இசையோடு சேர்த்துத் தைத்திருக்கிறார். அதிலிருந்து பின்னால் போய், கேன் முதல் ஆல்பம் போட்ட அதே 1969இல் வெளிவந்த 'கனாக்ஸிஸ் 5' கேளுங்கள். வியட்நாமியப் பாடல் பதிவு ஒன்றை டேப் சுழற்சிகளின் மேல் மிதக்கவிட்டிருக்கிறார். டிரம்ஸ் கிடையாது. 'ஔம்ன்' பிடித்துப்போனவர்களுக்கு இது உடனே பிடிக்கும்.